வெளியே நான்கு மாடி, உள்ளே ஒன்பது

“இன்னிக்கி எங்க கீறாரு?”

“நைட்டி செக்‌ஷனுக்குப் பின்னாடி. காலைல இட்லி வெச்சேன், எடுத்துக்கினாரு. சட்னிய மட்டும் திருப்பி வெச்சுட்டாரு.”

“திருப்பி வெச்சுட்டாரா? உள்ள கெடந்தும் திமிரு கொறையல பாரு.”

“மெதுவாப் பேசு செண்பகம். காதுல வுழப்போவுது.”

“வுழணும்னுதான் பேசுறேன் இஃப்ரா.”

பேசிக்கொண்டே இரண்டு விற்பனைப் பெண்களும் நைட்டிகளை அளவு பார்த்து அடுக்கினார்கள். பேச்சு அவர்களுடைய முதலாளி செந்தில்குமாரைப் பற்றியது. தியாகராய நகரில், உஸ்மான் சாலையிலிருந்து பிரியும் ஒரு தெருவில் ‘சுந்தரவல்லி ஸ்டோர்ஸ்’ என்ற ஜவுளிக்கடை நடத்திவந்த அவர், தன் சொந்தக் கடைக்குள்ளேயே வழிதவறிப் போய் இது மூன்றாவது ஆடித் தள்ளுபடி. உயிரோடுதான் இருந்தார். ஆள் கண்ணில் படமாட்டார், குரல் மட்டும் கேட்கும். ஒருநாள் பள்ளிச் சீருடைகளுக்குப் பின்னாலிருந்து, ஒருநாள் வேட்டிக் கட்டுகளுக்கு உள்ளேயிருந்து. ரேக்கின் இடுக்கில் சாப்பாட்டை வைத்தால் தட்டு காலியாகத் திரும்பி வரும். காசோலையை வைத்தால் கையெழுத்தோடு வரும். ஆரம்பத்தில் புகார் கொடுக்க ஆள் அனுப்பினார்கள். விசாரிக்க வந்த காவலர் ரேக்கின் முன்னால் நின்று அவரிடமே பெயரும் வயதும் கேட்டு எழுதிக்கொண்டார். பிறகு, பேசிக்கொண்டிருக்கும் ஆளைக் காணவில்லை என்று எப்படிப் பதிவது என்று குழம்பி, மனைவிக்கு ஒரு காட்டன் சேலை எடுத்துக்கொண்டு போனார். வாடிக்கையாளர்கள் பயந்தது முதல் வாரம் மட்டும்தான். அதன் பிறகு சேலையை விரித்துப் பார்த்து, சாயம் போகுமா என்று ரேக்கைப் பார்த்தே கேட்க ஆரம்பித்தார்கள். “போவாதும்மா, நம்பி எடுத்துட்டுப் போங்க” என்று உள்ளேயிருந்து குரல் வரும். விற்பனைப் பெண்கள் சொல்வதைவிட ஜனங்கள் அதைத்தான் நம்பினார்கள். அவருடைய மனைவி சுந்தரவல்லி கல்லாவில் உட்கார்ந்துகொண்டார். யாராவது துக்கம் விசாரித்தால், “அவியளுக்கென்ன, கடையிலதான இருக்காவ. வீட்டுல இருந்தப்பவும் கடையிலதான இருந்தாவ” என்பார்.

இத்தனைக்கும் காரணம் ஒரு சிறுவர் நாவல். அது முன்பு இருந்த இடம் மந்தைவெளியிலிருந்து அடையாற்றை நோக்கி இறங்கும் சந்தின் முனை. அங்கே டாக்டர் சந்திரமௌலியின் கிளினிக் இருந்தது. ஊசி போடும்போது கை நடுங்க ஆரம்பித்ததும் டாக்டர் நோயாளிகளை வேறு இடம் பார்க்கச் சொல்லிவிட்டு, அந்த அறைகளில் புத்தகங்களை நிரப்பி வாசகசாலை ஆக்கினார். மருந்து அலமாரிகளில் கதைகள் ஏறின. ‘விஷம்’ என்று சிவப்பில் எழுதியிருந்த அலமாரியில் துப்பறியும் நாவல்கள் இருந்தன. அதுவரை டோக்கன் கொடுத்துவந்த ஷீலா அப்படியே நூலகராகிவிட்டார். பழக்கம் விடவில்லை. புத்தகம் கேட்டு வரும் பிள்ளைகளையும் “அடுத்து” என்றுதான் கூப்பிடுவார். டாக்டருக்கு மொழிபெயர்ப்புக் கதைகள் என்றால் உயிர். ஓநாய்கள், நீராவிக் கப்பல்கள், ஆறு மாதம் இருட்டாக இருக்கும் ஊர்கள், சமோவாரில் தேநீர் கொதிக்கும் சமையலறைகள் என்று அந்தச் சின்னக் கட்டடத்துக்குள் உலகமே நெருக்கியடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. ஆற்றங்கரைக் குடியிருப்பில் பிறந்த செண்பகம் பனியைப் பார்த்ததில்லை. ஆனால் பனியின் மேல் கால் வைத்தால் என்ன சத்தம் வரும் என்று கேட்டால் யோசிக்காமல் சொல்வாள்.

புத்தகத்தை வீட்டுக்கு எடுத்துப்போக விலாசம் காட்ட வேண்டும். ஆற்றங்கரை வீடுகளுக்குக் கதவு எண் கிடையாது. ஆகவே அந்தப் பிள்ளைகள் அங்கேயே உட்கார்ந்து படித்தார்கள். மூடும் நேரம் வந்ததும், மறுநாள் வேறு யாரும் எடுத்துவிடக் கூடாது என்று தாங்கள் படித்துக்கொண்டிருந்த புத்தகத்தை ஒளித்து வைத்தார்கள். ஆளுக்கு ஓர் இடம். ஒருத்தனுக்குக் கால்நடை வளர்ப்பு நூல்களின் பின்வரிசை, ஒருத்திக்குக் குழந்தைகளை எடைபோடும் பழைய தராசின் அடிப்பக்கம். செண்பகத்துக்குப் பெரிய தேக்கு பீரோவின் பின்பலகை. அதில் ஓர் ஆணி கழன்றிருந்ததால் பலகைக்கும் சட்டத்துக்கும் நடுவே ஒரு புத்தகம் நிற்கும். இன்னொருவர் ஒளித்ததை எடுக்கக் கூடாது என்பது சட்டம். கிரிக்கெட்டில் கூசாமல் ஏமாற்றுகிறவர்கள்கூட இந்த ஒன்றை மீறியதில்லை. ஷீலாவுக்கு எல்லா இடமும் தெரியும். பெருக்கும்போது அந்த மூலைகளை மட்டும் விட்டுவிட்டுப் பெருக்குவார்.

அதிகம் ஒளிக்கப்பட்ட புத்தகத்துக்கு அட்டை இல்லை, பெயரும் இல்லை. பிள்ளைகள் அதைப் ‘பூட்டு புக்’ என்றார்கள். ஊரைவிடப் பெரிய நூலகம் ஒன்றுக்குள் மாட்டிக்கொண்ட சில சிறுவர்களின் கதை அது. ஒவ்வொரு அத்தியாயத்தின் முடிவிலும் ஒரு கதவு இருக்கும், கதவில் ஒரு கேள்வி எழுதியிருக்கும். பதில் தெரியாமல் அடுத்த அத்தியாயத்தைப் புரட்டினால் எழுத்துகள் தண்ணீருக்கு அடியில் கிடப்பதுபோல் கலங்கித் தெரியும். யார் எழுதிய நாவல் என்று தெரியாது. ஆனால் அதிலிருந்த எல்லாக் கேள்விகளுக்கும் பதில், எப்படியோ, மந்தைவெளி வாசகசாலையின் மற்ற புத்தகங்களுக்குள்ளேயே இருந்தது. கப்பல் மூழ்கியபோது சமையல்காரன் எதைக் கையில் எடுத்துக்கொண்டு குதித்தான் என்று ஒரு கதவு கேட்டது. அதற்காகவே தடிமனான கடல் நாவல் ஒன்றைப் பிள்ளைகள் முறைவைத்துப் படித்தார்கள். ஊறுகாய் ஜாடி என்று தெரிந்த அன்று சந்து முழுக்கக் கத்திக்கொண்டு ஓடினார்கள். பூட்டு புக்கின் முதல் பக்கத்தில் மூன்றே வரிகள் இருந்தன. ‘இதைத் திறந்தவர் உள்ளே வந்துவிட்டார். பாதியில் மூடுகிறவர் தனக்கான இடத்தில் இதை ஒளித்து வைக்கட்டும். இல்லாவிட்டால் இது அவரை ஒளித்து வைக்கும்.’ ஒளித்து வைப்பதைத் தவிர வேறு வழியில்லாத பிள்ளைகளுக்கு இந்த வரிகள் எச்சரிக்கையாகத் தோன்றவே இல்லை. தங்கள் பழக்கம் யாருக்கோ தெரிந்திருக்கிறது என்று சந்தோஷப்பட்டார்கள்.

ஏழாம் வகுப்பு படிக்கும்போது செண்பகம் கடைசி அத்தியாயத்துக்கு வந்து சேர்ந்தாள். அந்தக் குடியிருப்பில் யாரும் அவ்வளவு தூரம் போனதில்லை. முதல் வரியில் கண்ணை வைக்கும்போது ஷீலா விளக்கை அணைத்தார். நாளைக்குத்தான் என்று பின்பலகைக்குள் புத்தகத்தைச் செருகிவிட்டுப் போனாள்.

டாக்டர் அதற்கு முந்தைய மாதம்தான் இறந்திருந்தார். வெளிநாட்டிலிருந்த பிள்ளைகள் கட்டடத்தைக் கைமாற்றிவிட்டார்கள். வாங்கியவர் செந்தில்குமார். அதை இடித்துவிட்டு, ஆடிச் சரக்கு வைக்க அங்கே ஒரு குடோன் கட்ட நினைத்தார். புத்தகங்களை என்ன செய்வது என்று ஆட்கள் கேட்டதும் ஒன்றை எடுத்து விரலால் சுண்டிப் பார்த்தார். பழைய காகிதம், நல்ல விறைப்பு. ஜவுளிக்காரர் புத்திக்கு அது வேறுமாதிரி பட்டது. சேலையை மடிக்கும்போது மடிப்பு தொய்யாமலிருக்க உள்ளே ஒரு தாள் வைப்பார்கள். அட்டைகளைக் கிழித்தெறிந்து, பக்கங்களை வெட்டிக் கட்டுக்கட்டாகக் கடைக்கு அனுப்பச் சொன்னார். ஓநாய்களும் கப்பல்களும் சமோவார்களும் ஒவ்வொரு தாளாகச் சேலைகளுக்குள் போய்ப் படுத்தன. தேக்கு பீரோ அழகாக இருந்தது. அதைத் தன் அறைக்கு எடுத்துக்கொண்டார்.

மறுநாள் பள்ளி விட்டு வந்த செண்பகம் பார்த்தது ஒரு ஜேசிபியையும் செங்கல் குவியலையும். அவள் கத்தவில்லை. குவியலின் மேலேறி உட்கார்ந்து, பையிலிருந்து அறிவியல் பாடநூலை எடுத்து, தினமும் படிக்கும் நேரம் வந்துவிட்டதால் சத்தமாகப் படிக்க ஆரம்பித்தாள். ஒளிச்சேர்க்கை பற்றிய பாடம். வெள்ளைச் சட்டை போட்ட ஒருவர் கீழேயிருந்து, “ஏ பிள்ள, எந்திரி. இது என்ன விளையாடுத இடமா?” என்றார். செண்பகம் பக்கத்தைத் திருப்பினாள். ஜேசிபி ஓட்டுநர் அவளைப் புத்தகத்தோடு தூக்கி ஓரமாக வைத்துவிட்டுப் போனார். ஓரத்திலும் அவள் நிறுத்தவில்லை. அந்தப் பாடத்தை முடித்துவிட்டுத்தான் எழுந்தாள். அதற்குள் வெள்ளைச் சட்டைக்காரர் போனில் யாரிடமோ பேசிக்கொண்டே காரில் ஏறி, அவளை மறந்தும் போயிருந்தார். செண்பகம் மறக்கவில்லை. சட்டைப்பையில் குத்தியிருந்த பேனாவின் நிறம்கூட அவளுக்கு நினைவிருந்தது.

சில வருடங்களில் ஆற்றங்கரை வீடுகளையும் எடுத்துவிட்டார்கள். செண்பகத்தின் குடும்பம் பெரும்பாக்கத்தில் ஓர் அடுக்குமாடிக்குப் போனது. இப்போது வீட்டுக்குக் கதவு எண் இருந்தது. அதைக் காட்டிப் புத்தகம் வாங்க வாசகசாலை இல்லை. பிளஸ் டூ முடித்ததும் பக்கத்திலேயே ஒரு கம்பெனியில் வேலை கிடைத்தும் போகாமல், இரண்டு பஸ் மாறி தி. நகருக்கு வந்து சுந்தரவல்லி ஸ்டோர்ஸில் சேர்ந்தாள். “அங்க இன்னாத்துக்குடி அவ்ளோ தூரம் போற?” என்று அம்மா கேட்டதற்கு, “ஒருத்தர்கிட்ட ஒண்ணு வாங்க வேண்டியது கீதும்மா” என்றாள்.

எப்படி வாங்குவது என்று அவளுக்குத் தெரிந்திருக்கவில்லை. சேர்ந்த புதிதில் எலிபோல் வேலை பார்த்தாள். நாளுக்கொரு சேலையில் யாருக்கும் தெரியாத இடத்தில் ஓர் இழையை உருவுவாள். கல்யாணப் பார்ட்டிக்குப் போகும் ரவிக்கைத் துணிகளை மாற்றி வைப்பாள். செந்தில்குமாருக்கு அதெல்லாம் கொசுக்கடியாகக்கூடப் படவில்லை. சேலையை விரித்துக் காட்டும்போது உள்ளேயிருந்து தாள் விழும். குனிந்து எடுக்கையில் ஒரு வரி கண்ணில் படும். உடனே எந்தப் புத்தகம், எந்த அலமாரி, எந்தத் தட்டு என்று தெரிந்துவிடும். அந்தத் தாளை அப்படியே மடிப்புக்குள் திரும்ப வைத்து, “பார்டர் சூப்பரா கீதுக்கா, எடுத்துக்குங்க” என்று சொல்லும்போது செண்பகத்தின் பல் கடிபடும். முதலாளி அறையின் கண்ணாடி வழியாகத் தேக்கு பீரோவின் பக்கவாட்டு தெரிந்தது. பின்பலகை சுவரோடு ஒட்டியிருந்தது.

ஒருநாள் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு செந்தில்குமார் பீரோவின் கதவை ஓங்கி அறைந்து சாத்தினார். பின்பலகை விலகி, பூட்டு புக் கீழே விழுந்தது. எடுத்துப் பிரித்தார். முதல் பக்கத்தின் மூன்று வரிகளையும், அதன் பிறகு கொஞ்சமும், முதல் கதவின் கேள்வியையும் படித்தார் என்று பின்னால் அவரே சொன்னார். பிறகு மூடி, டீக் கோப்பைகள் கிடந்த குப்பைக் கூடையில் போட்டுவிட்டு, கை கழுவ வெளியே வந்தார். இரண்டாவது மாடியில் ரெடிமேட் சட்டைகளுக்கு இடையே அவர் நடந்து போனதைப் பலர் பார்த்தார்கள். சட்டை வரிசை முடியும் இடத்தில் அவர் வரவில்லை. சாயங்காலம் பெருக்க வந்தபோது செண்பகம் கூடையிலிருந்த புத்தகத்தைப் பார்த்தாள். விஷயம் அவளுக்கு உடனே விளங்கிவிட்டது. அதை எடுத்துத் துடைத்து, யாருமே வாங்காத மாம்பழ மஞ்சள் நைட்டிக் கட்டுக்குப் பின்னால் ஒளித்து வைத்தாள்.

உள்ளேயிருந்து செந்தில்குமார் கதவில் எழுதியிருந்ததை உரக்கப் படித்தார். ஓநாய் அடித்த குட்டியின் மணியை இடையன் யார் கழுத்தில் கட்டினான்? சுந்தரவல்லி அதை மைக்கில் அறிவித்தார், வாடிக்கையாளர்களிடம் கேட்டார், போனில் தேடச் சொன்னார். எதிலும் கிடைக்கவில்லை. பதில் இருந்த பக்கம் ஏதோ ஒரு மயில் கழுத்து நிறச் சேலைக்குள் படுத்து வடபழனியில் ஒரு கல்யாண வீட்டுக்குப் போயிருந்தது. அப்போது செண்பகம் கையைத் தூக்கி, “எனக்குத் தெரியும்க்கா” என்றாள். கடையே திரும்பிப் பார்த்தது. அவள் ரேக்கின் இடுக்கில் வாயை வைத்து, “நாய் கழுத்துல” என்றாள். சரியான பதில், அவன் தன் கழுத்திலேயே கட்டிக்கொண்டான் என்பது. அது தெரிந்தேதான் சொன்னாள்.

கடை ஒருமுறை பெருமூச்சு விட்டதுபோல் அசைந்தது. நான்காவது மாடியோடு முடிந்திருந்த படிக்கட்டு மேலே தொடர்ந்தது. முதலில் ஏறிப் பார்த்தவள் செண்பகம்தான். ஐந்தாவது மாடியில் பச்சைப் பெயின்ட் அடித்த மருந்து அலமாரிகளும் குழந்தைத் தராசும் இருந்தன. ஓநாய்க் கதைகள் தட்டில் முழுசாக நின்றன. அதே நேரத்தில் நகரம் முழுக்க, ராயப்பேட்டையிலும் பெசன்ட் நகரிலும், சில பெண்களின் பீரோக்களில் சேலைகள் மடிப்புக் கலைந்து தொய்ந்து விழுந்தன. உள்ளே இருந்த தாள்களைக் காணவில்லை. செண்பகம் ஒரு புத்தகத்தை எடுத்து முகர்ந்து பார்த்துவிட்டு வைத்தாள். தவறான பதிலுக்கு ஒரு மாடி, உள்ளே இருப்பவருக்கு இன்னொரு கதவு என்பது அவளுக்குப் புரிந்தது. கீழே போய், “அண்ணாச்சி, தப்பாயிடுச்சு போல. அடுத்த கேள்வி படிங்க” என்றாள்.

எல்லாவற்றுக்கும் பொய் சொன்னால் அவர் கேட்பதை நிறுத்திவிடுவார். அதனால் நடுநடுவே உண்மையும் சொன்னாள். அப்போது ஒரு கதவு திறக்கும், செந்தில்குமார் உள்ளே சிரிக்கும் சத்தம் கேட்கும், “நல்லா இரு தாயி” என்பார். அவர் நம்பிக்கை நன்றாக ஊறியதும் அடுத்த பொய்யைச் சொல்வாள். சமையல்காரன் உப்பு மூட்டையோடு குதித்தான் என்று சொன்ன அன்று ஆறாவது மாடி வந்தது. “ஏட்டி, நீ வேணும்னே சொல்லுதியோ?” என்று ஒருமுறை கேட்டார். “வேற யாரனா கீறாங்களா கேக்க? போய்க் கேளுங்க” என்றாள். வேறு யாரும் இல்லை. இப்படிக் கடை உள்ளே ஒன்பது மாடி ஆயிற்று. மாநகராட்சியிலிருந்து அளக்க வந்தவர்கள் தெருவில் நின்று எண்ணினால் நான்கு, ஏறிக்கொண்டே எண்ணினால் ஒன்பது. கட்டடத்தை வெளியிலிருந்து அளப்பதே வழக்கம் என்பதால் நான்கு என்று எழுதிக்கொண்டு போய்விட்டார்கள். அம்மாக்கள் சேலை பார்க்கும் நேரத்தில் பிள்ளைகள் மேல் மாடிகளுக்கு ஏறிப் போனார்கள். எங்கிருந்தோ கேள்விப்பட்டு, பெரும்பாக்கத்திலிருந்தும் சிலர் பஸ்ஸேறி வந்தார்கள். படிக்கும் இடம் இருப்பதால் குடும்பங்கள் கடையில் அதிக நேரம் இருக்கின்றன என்று சுந்தரவல்லி கவனித்து, ஒவ்வொரு மாடியிலும் இரண்டு ஃபேன் கூடப் போட்டுக்கொடுத்தார். ஷீலாவைத் தேடிப் பிடித்து ஏழாவது மாடியில் உட்கார வைத்ததும் அவர்தான். இப்போதும் ஷீலா “அடுத்து” என்றுதான் கூப்பிடுகிறார்.

இந்த ஆடியில் செந்தில்குமார் கடைசிக் கதவுக்கு வந்து சேர்ந்தார். செண்பகத்துக்கு அது முன்பே தெரியும். குப்பைக் கூடையிலிருந்து எடுத்த நாள் முதல் பூட்டு புக்கின் கடைசி அத்தியாயம் அவளுக்கு வெற்றுத் தாளாகவே இருந்தது. அவர் ஒவ்வொரு கதவைத் தாண்டும்போதும் அதில் ஒரு பத்தி எழுந்தது. ஏழாம் வகுப்பிலிருந்து அவள் காத்திருக்கும் முடிவு இன்னும் ஒரே ஒரு பக்கத் தொலைவில் இருந்தது. அதற்கு முந்தைய பக்கத்தின் அடியில் புதிதாக ஒரு வரி வந்திருந்தது. ‘கடைசிக் கேள்விக்குச் சரியான பதில் சொல்லப்பட்டால், அதற்கு முன் சொல்லப்பட்ட தவறான பதில்கள் யாவும் அவற்றால் எழுந்தவையோடு அழியும்.’ செண்பகம் அந்த வரியை விரலால் தேய்த்துப் பார்த்தாள். மை அழியவில்லை. தலைக்கு மேலே ஐந்தாவது மாடியில் ஏதோ குழந்தை ஓநாய்போல் ஊளையிட்டு, மற்றவை சிரித்தன.

ஒரு செவ்வாய்க்கிழமை, கூட்டமில்லாத மதியத்தில், நைட்டி ரேக்குக்குப் பின்னாலிருந்து செந்தில்குமார் கேள்வியைப் படித்தார். குரல் மெலிந்திருந்தது. “‘இந்தப் புத்தகத்தைக் கடைசியாக ஒளித்து வைத்த பிள்ளை, மறுநாள் வந்து என்ன செய்தாள்?’ இம்புட்டுத்தான் போட்டிருக்கு பிள்ள.”

செண்பகம் கையிலிருந்த நைட்டியை மடித்து வைத்தாள்.

“அது நீதான?” என்றார் அவர். செண்பகம் அடுத்த நைட்டியை எடுக்கவும் அவரே தொடர்ந்தார். “நான் ஒரு இடம் வாங்குனேன். ஊருல எல்லாரும்தான் வாங்குதாவ. அதுல இருந்த தாளு வீணாப் போவக் கூடாதுன்னு எடுத்துக்கிட்டேன். வேற என்ன செஞ்சேன்?”

“நீங்க அங்கதான் இருந்தீங்க” என்றாள் செண்பகம். “வெள்ளைச் சட்டை. பச்சைப் பேனா. பார்த்துக்கினுதான் இருந்தீங்க. யோசிங்க.”

இஃப்ரா வந்து, மாம்பழ மஞ்சளில் எக்ஸ்எல் கேட்கிறார்கள் என்றாள். வாழ்க்கையில் முதன்முறையாக அந்த நிறத்தை யாரோ கேட்டிருந்தார்கள். செண்பகம் கட்டை நகர்த்தி, புத்தகத்தை எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டு, நைட்டியை நீட்டினாள். வாடிக்கையாளர் துணியைத் தடவிப் பார்த்து, வழக்கம்போல் ரேக்கைப் பார்த்து, சாயம் போகுமா என்று கேட்டார். உள்ளேயிருந்து பதில் வரவில்லை. அந்த அம்மாள் இன்னொருமுறை கேட்டுவிட்டு, சந்தேகத்தோடு கல்லாவுக்குப் போனார். செண்பகம் அடுத்த கட்டைப் பிரித்தாள். மேலே பிள்ளைகள் மாடி விட்டு மாடி ஓடும் சத்தம் கேட்டது. ஷீலா யாரையோ “அடுத்து” என்று கூப்பிட்டார்.

“ஞாபகம் வரல பிள்ள” என்றது குரல், அவள் முழங்கைக்கு அருகில், துணிகளின் மறுபக்கத்திலிருந்து. “எத்தனையோ இடம், எத்தனையோ பிள்ளைங்க. ஒண்ணும் வரல. இந்த ஒரு வாட்டி பொய் சொல்லாத. அன்னைக்கு நீ வந்து என்ன செஞ்ச? சொல்லிரு தாயி.”